கால் மரத்தால் மறைக்கக் கூடாது!

புதுவை முதலியார்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் நித்தியகல்யாணி தானாக முளைத்துப் பூக்கும். அந்தச் செடியில் இருந்துதான் "வின்கிரிஸ்டின்" என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது. 1963-ம் ஆண்டு அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்து இருக்கிறார்கள்.

உயிர் காக்கும் அந்த மருந்தே நரம்பையும் தாக்குகிறது. எப்படி?

நம் உடலின் அணுக்களுக்குள் நுண்ணிய குழாய்கள் உண்டு. மருந்து அவற்றைக் குலைக்கிறது. அதனால் புற்றுநோய் அணு பெருக முடியாமல் சாகிறது. ஆனால், நரம்புக்குள் சத்து போகும் பாதையும் அந்தக் குழாய்களே. பாதை கெட்டால் நரம்பு நலிகிறது. கை, கால் மரத்துப் போகிறது. சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடிவதில்லை.

மஞ்சள் இதற்கு மருந்தாகுமா? மஞ்சளில் உள்ள "குர்குமின்" நரம்பைக் காப்பதாக எலிகளிடம் நடந்த சோதனைகள் காட்டின. மனிதரிடம் அது உறுதிப்படவில்லை. இந்தக் கேட்டைத் தடுக்கும் என்று எந்த மருந்தையும் சிபாரிசு செய்வதற்கில்லை என 2020-ல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் கூறியது.

குழம்பில் போடும் மஞ்சளுக்கு அஞ்ச வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் மூலிகை மாத்திரை விழுங்குவதுதான் ஆபத்து. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்பதோ விஷம்!

"சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள்" என்று பயந்து, மரமரப்பை மறைப்பவர்கள் உண்டு. அது தவறு. உடனே சொன்னால், டாக்டர் மருந்தின் அளவை மாற்றி நரம்பைக் காப்பாற்ற வழி உண்டு. மறைத்தால், நடையே போய்விடலாம்.