கரண்ட் வைக்க எத்தனை நாள்? கூலிக்காரனின் கேள்விக்கு விஞ்ஞானத்தின் பதில்!

"ஏழைகள் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடுகிறார்கள், அறியாமை!" புற்றுநோய் பற்றிப் பேசும் பெரிய மனிதர்கள் பலர் சொல்லும் குற்றச்சாட்டு இது.

தோழர்களே! இது அறியாமையா? கணக்குப் பார்ப்போம்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆப்பரேஷன் முடிந்தபின், நாம் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர் சிகிச்சை தரப்படுகிறது. வாரம் 5 நாள் வீதம் 5 வாரம், மொத்தம் 25 தடவை என்பது நெடுங்கால வழக்கம். இயந்திரத்தின் அடியில் படுப்பதோ தினம் சில நிமிஷம்தான்! ஆனால் மொரப்பூரிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போகும் விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அந்தச் சில நிமிஷத்தின் விலை ஐந்து வாரக் கூலி. துணைக்குப் போகிறவரின் கூலியும் போச்சு. தங்க இடம், சாப்பாடு, பிள்ளைகளைப் பார்க்க ஆள், இவை தனி. அவளைப் பாதியில் திருப்பி அனுப்புவது அறியாமை அல்ல, பட்டினி!

நாளைக் குறைக்க முடியாதா? முடியும் என்று ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. பிரிட்டனில் 97 ஆஸ்பத்திரிகளில், ஆரம்ப நிலை மார்பகப் புற்றுநோய் கண்ட 4,096 பேரை 2011 முதல் 2014 வரை சேர்த்துச் சோதித்தார்கள். சிலருக்கு 3 வாரத்தில் 15 தடவை. மற்றவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை. ஐந்தாண்டு கவனித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வாரச் சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை! எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "எனக்கு எத்தனை நாள்? குறைக்க வழியுண்டா?" என்று கேட்பது நோயாளியின் உரிமை.

நம் நாட்டிலும் சான்று உண்டு. மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழுள்ள பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியில், கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய 850 பெண்களை 2003 முதல் 2011 வரை சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேருக்குக் கரண்ட் மட்டும். மறு பாதிக்குக் கரண்டோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் மருந்து. ஐந்தாண்டில் உயிரோடு இருந்தவர்கள், முதல் பிரிவில் நூற்றுக்கு 46 பேர்; இரண்டாவதில் 54 பேர். நூற்றுக்கு எட்டு உயிர்!

சிஸ்பிளாட்டின் பழைய மருந்து, மலிவான மருந்து. லாபம் தேடும் எந்தக் கம்பெனி இதைச் சோதிக்கப் பணம் போடும்? சிகிச்சை நாளைக் குறைத்துக் காட்டினால் எந்த முதலாளிக்கு லாபம்? பிரிட்டனிலும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது பொதுப் பணமே. அந்தப் பணம் மக்கள் பணம்; சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் நோயாளிகள். பலன் மட்டும் ஏன் நகரத்து வாசலில் நிற்க வேண்டும்?

இன்னோர் அநீதியையும் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் இரண்டாண்டு தொடர்ந்து பதிவிலுள்ள மில் தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், கூலியில் 80 சதவீதம் வரை நீடித்த உதவி கிடைக்க வழியுண்டு. பதிவில்லாத காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு? களை பறிக்கும் பெண்ணுக்கு? அந்த ஈ.எஸ்.ஐ. உதவி இல்லை! முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கும். இழந்த கூலியை ஏற்காது.

ஆகவே நாம் கேட்பது:

கதிர் சிகிச்சை, மாவட்டந்தோறும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கிடைக்க வேண்டும்!

குறுகிய நாள் சிகிச்சை, பொருந்தும் எல்லோருக்கும் தரப்பட வேண்டும்!

சிகிச்சை நாட்களுக்கு, பதிவில்லாத தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும், துணைக்கு வருபவருக்கும் கூலி தர வேண்டும்!

மில் வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். நாளைக் குறைக்கும் வழியை விஞ்ஞானம் காட்டிவிட்டது. அதை மொரப்பூருக்குக் கொண்டுவருவது நம் ஒற்றுமையின் வேலை!