மலையடிவாரத்துக்கும் எச்சரிக்கை வேண்டும்

புயல் என்பது கடற்கரையின் கவலை என்று எண்ணி நம் நிர்வாகம் நெடுங்காலமாகப் பழகிவிட்டது. துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏறுகிறது. மீனவர்கள் கடலுக்குப் போகலாகாது என்று அறிவிக்கப்படுகிறது. கரையோரத் தாலுகாக்களில் பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் ஜனங்களுக்காகத் திறந்துவிடப்படுகின்றன. இவை யாவும் அவசியமான காரியங்கள். இவற்றால் பிழைத்த உயிர்கள் அநேகம் என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆயினும், 2024-ஆம் ஆண்டின் புயல் மழைச் சரித்திரத்தை ஆதியோடந்தமாக நோக்குகிறவர்களுக்கு, புயல் கரையைக் கடப்பது ஓரிடமும் பிராண நஷ்டத்தை விளைவிப்பது வேறோரிடமுமாக இருப்பது புலனாகாமற் போகாது. அந்த வேறோரிடம் பெரும்பாலும் மலையும் மலையடிவாரமுமே.

பூமியின் உஷ்ணத்தை அளவெடுக்கத் தொடங்கிய காலந்தொட்டு 2024 போல வெப்பமான ஆண்டு வந்ததில்லை என்றும், 1850 முதல் 1900 வரையிலான காலத்துச் சராசரியைக் காட்டிலும் அது ஏறக்குறைய 1.55 டிகிரி செல்சியஸ் மிகுதி என்றும் உலக வானிலை அமைப்பு கணித்திருக்கிறது. ஒரு டிகிரி உஷ்ணம் ஏறினால் காற்று சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் ஏறும் என்பது பௌதிக சாஸ்திரம். ஏறிய நீராவி மலையில் மோதினால் என்ன ஆகும் என்பதற்குச் சாஸ்திரம் வேண்டியதில்லை. செப்டம்பர் 7 அன்று வட வியட்நாமின் கடற்கரையில் ஏறிய 'யாகி' புயல், மூன்று நாள் கழித்து, கடலையே காணாத லாவோ காய் மலைநாட்டில் லாங் நு என்ற கிராமத்தைச் சேற்றில் புதைத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு புளோரிடாவில் கரையேறிய 'ஹெலீன்', அதிகமான உயிர்களைக் குடித்தது நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் வட கரோலினாவின் மலைப்பிரதேசத்தில். நம் 'ஃபெஞ்சல்' நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஆனால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதும், திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டில் ஏழு பேர் மாண்டதும் உள்நாட்டில் நிகழ்ந்தவை. ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் வாரிச் சென்ற பேரழிவுக்கோ புயல் என்ற பெயர்கூட வாய்க்கவில்லை.

இவ்வளவும் வாசகர்கள் அறிந்தவையே. இவற்றை இங்கே வரிசைப்படுத்தியதற்குக் காரணம், இந்த வரிசையில் சேர வேண்டிய பிரதேசம் ஒன்று நம் தென்காசி மாவட்டத்தில் இருப்பதுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவில் தாழ்ந்து கணவாயாகிறது. அந்தக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கிறது புளியறை. ஆனியிலும் ஆடியிலும் கொல்லத்துக் கடற்காற்று இவ்வழியேதான் சாரலைத் தூவிக்கொண்டு தென்காசிச் சமவெளிக்குள் நுழைகிறது; அந்தச் சாரலை நம்பித்தான் புளியறை வயல்களில் நடவும், குற்றாலத்தில் 'சீசன்' என்ற வியாபாரமும் நடக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் காற்று திசைமாறி, வங்கக் கடலிலிருந்து வந்து அதே மலையின் கிழக்கு முகத்தில் மோதுகிறது. மோதியது மேலெழும்பிக் குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தையெல்லாம் சரிவிலேயே இறக்கிவிடுகிறது. இரண்டு கடல்களின் மழைக்கும் உரிமை கொண்டாடும் பாக்கியம் தமிழ்நாட்டில் அதிக ஊர்களுக்கு இல்லை. அந்தப் பாக்கியமே எப்போது ஆபத்தாகும் என்பதை 1992 நவம்பரில் தாமிரபரணிக் கரை கண்டது: தூத்துக்குடி அருகே கரையேறிய புயல் மலையில் முட்டி, மாஞ்சோலைக்கு மேலே கக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. மழையைப் பொழிய, நெல்லைச் சீமை வெள்ளக்காடாயிற்று.

2024-இல் குற்றாலம் இருமுறை எச்சரிக்கப்பட்டது. மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய அருவியில் ஜனங்கள் நீராடிக்கொண்டிருக்கையில், மேலே காட்டில் பெய்த மழை திடீரென்று செந்நிற வெள்ளமாக இறங்கியது. படியேறி ஓடியவர்கள் பிழைத்தார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். அடுத்தது டிசம்பர் நடுவில், திருக்கார்த்திகையை ஒட்டி வந்தது. பேரருவி எது, பாறை எது என்று பிரித்தறிய முடியாதபடி தண்ணீர் இறங்கிக் கடைவீதியில் புகுந்தது. இம்முறை குளிக்கத் தடை இருந்தது, அதனால் தப்பினோம். தடை எல்லா நாளும் இருக்க முடியாது என்பதுதான் சங்கடம்.

மே மாதத்துச் சம்பவத்துக்கு நேர் உவமை ஸ்பெயின் தேசத்தில் இருக்கிறது. அக்டோபர் 29 அன்று வலென்சியாவில் மழை கொட்டியது மேட்டு நிலத்தில். மாண்டவர்களில் பலர், மழை அதிகம் பெய்யாத பைப்போர்த்தா போன்ற தாழ்நிலத்து ஊர்க்காரர்கள். வானிலை இலாகா காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தும், கைபேசிகளுக்கு அபாய அறிவிப்பு போய்ச் சேர்ந்தது இரவு எட்டு மணிக்குப் பிறகு. அதற்குள் தெருக்களில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே பணமும் விஞ்ஞானமும் உள்ள தேசத்திலும், மேலே பெய்ததைக் கீழே உள்ளவனுக்கு உரிய வேளையில் சொல்லும் பொறுப்பு யாருடையது என்பது தீர்மானமாகாவிட்டால் காரியம் கெடுகிறது.

நம்மிடமும் அது தீர்மானமாகவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்து தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கியபோது, முன்னறிவிப்பு போதாது என்று மாநில சர்க்காரும், உரிய காலத்தில் சொல்லியாயிற்று என்று மத்திய சர்க்காரும் வாதாடின. அந்த வாதத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது எமக்கு முக்கியமல்ல. மாவட்டம் முழுமைக்கும் ஒரே வர்ணத்தில் விடுக்கப்படும் எச்சரிக்கை, சங்கரன்கோவிலின் கரிசல் காட்டுக்கும் செண்பகா அருவியின் உச்சிக்கும் ஒரே செய்தியைச் சொல்கிறது என்பதே எம் ஆட்சேபம். நாளைக்குப் பெய்யலாம் என்ற ஊகம் மலையடிவாரத்துக்குப் போதாது. இப்போது மேலே பெய்துகொண்டிருக்கிறது என்ற செய்தி வேண்டும்.

அதற்கு மார்க்கம் கடினமானதன்று. தேனருவிக்கும் செண்பகா அருவிக்கும் மேலே, பழைய அருவிக்கும் ஐந்தருவிக்கும் நீர்தரும் சரிவுகளில், மேக்கரையில், புளியறைக்கு மேலுள்ள காட்டில், தானியங்கி மழைமானிகளும் ஓடைகளில் நீர்மட்டமானிகளும் போதிய எண்ணிக்கையில் நிறுவப்பட வேண்டும். அருவியடியில் ஒலிக்கும் சைரன், கீழே நிற்கும் காவலரின் கண்ணை நம்பியிராமல், மேலே உள்ள கருவியோடு பிணைக்கப்பட வேண்டும். கருவி அளவைத் தாண்டியதும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் ஒலிக்க வேண்டும். அரைமணி நேரம் முந்திக் கிடைத்தாலும் ஒரு திருவிழாக் கூட்டத்தையே கரையேற்றிவிடலாம். வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை, நீர்வளத்துறை, பேரூராட்சி என்று பல கைகளில் சிதறாமல், அருவியை மூடவும் திறக்கவும் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் பருவகாலம் முழுவதும் குற்றாலத்திலேயே இருப்பதும் அவசியம்.

அடிக்கடி தடை போட்டால் பிழைப்பு என்னாவது என்று கேட்கும் வியாபாரிகளின் நியாயத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. இரண்டு மாதச் சாரலில் ஆண்டு முழுவதற்கும் சம்பாதிக்க வேண்டிய குடும்பங்கள் அங்கே உண்டு. ஆனால் மேலே என்ன பெய்கிறது என்று தெரியாத நிர்வாகந்தான், பயத்தால் நாட்கணக்கில் மூடிவைக்கிறது. அளந்து பார்க்கிற நிர்வாகம் மணிக்கணக்கில் மூடித் திறக்கும். 36 அடிக் குண்டாறு அணை நிரம்பி வழிந்தது என்பதைப் பருவந்தோறும் மங்களச் செய்தியாக வெளியிட்டு மகிழ்கிற பத்திரிகைகளும், எத்தனை நேரத்தில் எவ்வளவு நீர் வந்தது என்று விசாரிக்கப் பழகுவது நன்று.

திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டைப் பகுதி 1956 நவம்பர் 1 அன்று நம்மோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மலைமேல் வரையப்பட்டது. மழை அந்தக் கோட்டை அறியாது. ஆரியங்காவிலும் தென்மலையிலும் பெய்யும் மழையின் அளவு புளியறைக்கு உடனுக்குடன் வந்து சேரவும், இங்குள்ளது அங்கே போகவும் இரு மாநில அரசுகளும் ஓர் ஏற்பாடு செய்துகொள்வது உசிதம். கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் புளியறைச் சோதனைச்சாவடியைத் தாண்டி இரவும் பகலும் போகின்றன. மழைக்கணக்கு போகத் தடை எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இவற்றுக்கு ஆகும் செலவு, கடற்கரையில் ஒரு புயல் பாதுகாப்பு மண்டபம் கட்டும் செலவை மிஞ்சாது என்று நம்புகிறோம். ஆனி மாதச் சாரலுக்கு வெளியூர் ஜனங்கள் வண்டி கட்டும் முன்னர், மாவட்ட நிர்வாகமும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் கருவிகளை மலையேற்றி, பொறுப்பாளர் யார் என்பதைப் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.