தாய் சிறையில், மகள் யார் வீட்டில்?

தாமிரபரணிக் கரை ஊர்களில் இருக்கும் பெரியவர்களுக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்கா தங்கைகளுக்கும்,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். கோயில் கொடைக்கு வரி, அசனத்துக்குக் காணிக்கை, பள்ளிக்கூடத்துக்கு காம்பவுண்டுச் சுவர் என்று ஊரிலிருந்து வெளிநாட்டுக்காரர்களுக்குக் கோரிக்கைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. வரட்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தாய் ஜெயிலில் இருக்க, பதிமூன்று பதினாலு வயதில் யார் வீட்டுத் திண்ணையிலோ வளரும் ஒரு பெண்பிள்ளைக்காக எந்த ஊர்க்கூட்டமும் நோட்டீஸ் அடித்ததில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவளை ஏதாவது ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு "நல்ல இடத்தில் விட்டாச்சு" என்று நாம் கைகழுவக் கூடாது. ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில், சட்டப்படி, அரசு தரும் பணத்தோடும் அரசின் கண்காணிப்போடும் அவள் வளர வேண்டும். தாயை அவள் போய்ப் பார்த்து வருவதையும் ஊர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 23,772 பெண்கள் இருந்தார்கள். அவர்களில் 1,537 பேரோடு 1,764 குழந்தைகளும் உள்ளே இருந்தார்கள். எண்ணிக்கை அத்தோடு நின்றுவிடுகிறது. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னபடி, ஆறு வயதுவரைதான் பிள்ளை தாயோடு சிறையில் இருக்கலாம். அந்த வயது தாண்டி வெளியே வரும் பிள்ளையும், தாய் கைதான அன்றே பத்துப் பன்னிரண்டு வயதாகியிருந்த பிள்ளையும் அந்தப் பட்டியலில் இல்லை. கைக்குழந்தை என்றால் தூக்கிக்கொள்ள நாலு பேர் வருவார்கள். பெரிய மனுஷியான பிள்ளை என்றால் எல்லோருக்கும் முதலில் பயம்தான் வருகிறது. பிறகு யார் தலையில் கட்டலாம் என்ற யோசனை.

அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. வெளியே வரும் பிள்ளையைக் கூடியமட்டும் தாய் இருக்கும் சிறையுள்ள ஊரிலேயே வைக்க வேண்டும், வாரம் ஒருமுறையாவது தாயைப் பார்க்க விட வேண்டும் என்றது. இதை நம் பக்கத்து வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். பாளையங்கோட்டை மத்தியச் சிறை ஆண்களுக்கானது. விசாரணைக் காலத்தில் பெண்களுக்குக் கொக்கிரகுளம் கிளைச் சிறை உண்டு. நீண்ட தண்டனை விழுந்துவிட்டால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியதுதான். தமிழ்நாட்டில் உள்ள ஐந்து பெண்கள் தனிச்சிறைகளில் ஒன்றுகூட மதுரைக்குத் தெற்கே இல்லை. ஆக, மகளைத் தாய்க்குப் பக்கத்தில் வைத்தால் பள்ளிக்கூடம், சேக்காளிகள், தெரிந்த தெரு எல்லாம் போய்விடும். இங்கேயே வைத்தால் தாய் 160 கிலோமீட்டருக்கு அப்பால். கைக்குழந்தை விஷயத்தில் தாய்ப்பக்கம் சாய்வதே சரி. பதினாலு வயதில் நான் ஊர்ப்பக்கம் சாய்வேன். அந்த வயதில் ஒரு பிள்ளை தாயை இழந்த கையோடு ஊரையும் இழந்தால் பிடித்துக்கொள்ள அவளுக்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் இங்கேயே வைத்துக்கொள்வதென்றால் மதுரைப் பயணத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். அரசின் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான், மதுரை வண்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ஆதார் அட்டை, மனு, காத்திருப்பு எல்லாம் போக, கண்ணாடிக்கோ கம்பி வலைக்கோ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் முகம் பார்ப்பதற்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட வர ஒரு பெரிய ஆள் வேண்டும். பல வீடுகளில் இந்தச் சந்திப்பு நின்றுபோவது பாசம் குறைந்ததால் இல்லை, போய்வர வழியில்லாமல்தான்.

சிறைக்குப் போன பெண்களை நம் ஊர் எப்போதும் ஒதுக்கியதாகவும் சொல்ல முடியாது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் அடைபட்டுக் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் கலெக்டர் ஆபீஸை நோக்கி ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றோரம் 17 உயிர் போனது. சிறையிலிருந்த அந்தத் தொழிலாளர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளை "ஜெயிலுக்குப் போனவ மவ" என்று நாம் இளக்காரமாகச் சொல்வோமா? மாட்டோம். கூலி கேட்டுச் சிறை போனவளின் மகளும், புருஷனை வெட்டிவிட்டுச் சிறை போனவளின் மகளும் ராத்திரி படுக்க இடம் தேடும் விதம் ஒன்றுதான். தாய் செய்த காரியத்தின் தராதரத்தை வைத்து மகளுக்குச் சோறு போடுவதா என்று முடிவுசெய்ய நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

விடுதிகளுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. பாளையங்கோட்டைப் பள்ளி விடுதிகளில் படித்து ஆளான பெண்களின் தலைமுறைகள் இருக்கின்றன. அதை மறுத்தால் நன்றிகெட்டதனம். ஆனால் நம் மண்ணிலேயே களக்காடு பக்கம் டோனாவூரில் 1901-இலிருந்து மிஷனரி ஆமி கார்மைக்கேல் பெண்பிள்ளைகளை வளர்த்த முறையைக் கவனியுங்கள். பெரிய கூடத்தில் பாயை வரிசையாகப் போட்டுப் படுக்க வைக்காமல், சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து, கவனித்துக்கொள்ள அக்காமாரை வைத்தார்கள். பிள்ளைக்கு வேண்டியது தன் பெயரைத் தெரிந்த ஒரு அடுப்படி என்பது நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே சிலருக்குப் புரிந்திருந்தது. இப்போது சட்டமும் அந்த வழிக்கு வந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் உறவில்லாத குடும்பம் ஒன்று பிள்ளையை ஏற்று வளர்க்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கு வழிசெய்கிறது. பெற்றோர் சிறையிலிருக்கும் பிள்ளைகளும் அதற்குத் தகுதியானவர்கள். 2024 வழிகாட்டு நெறிகளின்படி, கல்யாணமாகாத பெண்ணோ புருஷனை இழந்தவரோகூடத் தனியாளாக ஒரு பெண்பிள்ளையை ஏற்கலாம். சொந்தக்காரர் வீட்டில் வளரும் ஏழைப் பிள்ளைக்கு நிதி ஆதரவு என்று வேறு வழி உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இரண்டுக்குமே மாதம் 4,000 ரூபாய். தகப்பன் இறந்து தாய் சிறையிலிருக்கும் பிள்ளை தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டத்திலும் வரும்; அது மாதம் 2,000. முக்கூடல் பக்கம் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, பொழுது சாயுமுன் கணக்கு முடிக்க உட்கார்ந்திருக்கும் ஒரு ஆச்சிக்கு இந்தப் பணம் வந்தால், பேத்தியின் கையிலும் ஒரு தட்டைக் கொடுத்து உட்கார வைக்கும் கட்டாயம் குறையும்.

இங்கேதான் நியாயமான மறுப்பு ஒன்று வரும். சொந்தக்காரர் வீடு என்றால் பிள்ளை சம்பளமில்லாத வேலைக்காரி ஆவாள், பதினாறு வயதில் தாய்மாமனுக்கோ வேறு யாருக்கோ கட்டிக்கொடுத்துவிடுவார்கள், விடுதியே பத்திரம் என்பீர்கள். இப்படி நடப்பது உண்மைதான். ஆனால் இவை பெரும்பாலும் ஏட்டில் வராத ஏற்பாடுகளில் நடப்பவை. "சித்தி வீட்டில இருக்கா" என்று வாய்வார்த்தையாக விட்ட பிள்ளையை யாரும் வந்து பார்ப்பதில்லை. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு ஒரு வீட்டில் இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்து பார்ப்பார், பள்ளி வருகையைக் கேட்பார், பிள்ளையிடம் தனியாகப் பேசுவார். ஒழுங்காக வருவார்களா என்று கேட்டால், ஊர் கேட்டால் வருவார்கள். வீட்டின் மேல் சந்தேகம் இருந்தால் 1098-க்கு யாரும் போன் போடலாம். ஆகவே நான் கேட்பது பிள்ளையை உறவுக்காரர் தயவில் விடச் சொல்லி அல்ல. அந்த வீட்டுக்கு ஒரு உத்தரவும், வங்கிக் கணக்கும், எட்டிப் பார்க்க ஒரு ஆளும் வேண்டும் என்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தாயே தகப்பனைக் கொன்றிருந்தால்? தகப்பன் வழிச் சொந்தம் இறந்தவன் பக்கம், தாய் வழிச் சொந்தம் வக்கீல் பீஸுக்கே நகையை விற்றிருக்கும். சில வழக்குகளில் மகளே சாட்சி. அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போவது கொடுமை இல்லையா? அவள் போக விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்துவது கொடுமைதான். ஆனால் போக வேண்டாம் என்று பெரியவர்கள் தீர்மானித்துவிட்டு, "அவளுக்கே இஷ்டமில்லை" என்று சொல்வதும் நடக்கிறது. இந்த மாசம் வேண்டாம் என்பவள் அடுத்த வருஷம் கேட்கலாம். கேட்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிருந்த நளினி விஷயத்தை நினைத்துப் பாருங்கள். 1992-இல் சிறைவாசத்தில் பெற்ற மகள் பிறகு சொந்தக்காரர்களிடம் கடல் கடந்து வளர்ந்தாள். 2000-இல் தாயின் தூக்கு ஆயுளாகக் குறைந்தபோது அந்தப் பிள்ளை காரணமாகப் பேசப்பட்டாள். 2019-இல் மகள் கல்யாண ஏற்பாட்டுக்காகத் தாய்க்குப் பரோல் கிடைத்தது. முப்பது வருஷம் தாயின் தண்டனையைப் பற்றிப் பேசிய தமிழ்நாடு, அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தாள் என்று எத்தனை முறை கேட்டிருக்கும்?

நான் இருக்கும் அமெரிக்காவை முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். பிள்ளை கடைசி 22 மாதத்தில் 15 மாதம் அரசுப் பராமரிப்பில் இருந்துவிட்டால், பெற்றவர்களின் உரிமையை ரத்துசெய்ய மாநிலம் மனு போட வேண்டும் என்று 1997-இல் இங்கே சட்டம் போட்டார்கள். இரண்டு வருஷத் தண்டனைகூடத் தாய் மகள் உறவைச் சட்டப்படி அறுத்துவிடக்கூடும். ஆனால் பிள்ளை உறவினர் வீட்டில் வளர்ந்தால் விதிவிலக்கு உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. அவ்வளவு கறாரான சட்டமே இறங்கிவரும் இடம் அது. இங்கிலாந்தில் 2017-இல் ஃபார்மர் பிரபு தந்த அறிக்கையும் உண்டு: குடும்பத்தார் வந்து பார்த்த கைதிகள் மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவு என்றது. பார்க்க வருகிற குடும்பம் உள்ளவர்கள் முன்பே கொஞ்சம் தேறியவர்கள்தானே என்று எதிர்வாதம் செய்யலாம், அதில் நியாயமும் இருக்கிறது. அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்தாலும், தாய் ஒருநாள் ஊர் திரும்பத்தான் போகிறாள். அன்று மகளுக்கு அவள் அந்நியமாக இருப்பது யாருக்கும் நல்லதில்லை.

சாதியைப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நம் ஊரைப் பற்றி எழுதியதாகவே ஆகாது. வேறு சாதிப் பிள்ளையை அடுப்படிவரை விட எத்தனை வீடு தயார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. முதலில் அவரவர் தெருவில், அவரவர் சொந்தத்தில் தொடங்கட்டும். டோனாவூர்க்காரர்கள் தாண்டிய அந்தச் சாதி எல்லையை நாமும் ஒருநாள் தாண்டினால் நல்லது. இன்னொன்றும் உண்டு: பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உதவித்தொகை கொடுக்கும்போது மேடையேற்றி போட்டோ எடுத்து வாட்ஸாப் குழுவில் போடும் நம் வழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிடுங்கள்.

வரும் கொடைக்கோ அசனத்துக்கோ கூடும்போது, வரவு செலவு வாசித்து முடித்த பிறகு ஒரு அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். நம் ஊரில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அவள் பெயரைக் கூட்டத்தில் சொல்லாமல், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் அவளுக்காக மனு எழுதிக் கொடுக்க ஒருவரையும், அவள் போகக் கேட்கும் மாதங்களில் மதுரைக்குக் கூடப் போய்வர நம்பகமான ஒரு பெண்ணையும் பேசி முடிவுசெய்யுங்கள். பஸ் காசும் அந்தப் பெண்ணின் ஒரு நாள் கூலியும் வெளியூரில் இருக்கும் எங்கள் பொறுப்பு. கூடப் போவதற்கு மட்டும் இங்கிருந்து ஆள் அனுப்ப முடியாது.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்