ஆமையைக் காப்பாற்றுங்கள், கூடை சுமப்பவரையும் கணக்கில் எடுங்கள்

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. நுரையீரலால் மூச்சு விடும் உயிர் அது. நெடுநேரம் இழுக்கப்படும் இழுவலைக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறிச் சாகும். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. வெளியே வழக்கமான பட்டிமன்றம் தொடங்கியது: ஆமையா, மீனவர் பிழைப்பா?

கேள்வியே தப்பு. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும், நாட்டுப்படகுக்காரர் வலை விரிப்பதும் அந்தக் கரையோரத்தில்தான். விதியை அமல்படுத்தினால் இருவருக்கும் நல்லது. நாட்டுப்படகு வலையிலும் ஆமை சிக்குவதுண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவலையையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இழுவலையில் பொருத்த ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. இறால் கம்பிகளுக்கு இடையே உள்ளே போய்விடும், ஆமை முட்டி வேறு வழியாக வெளியேறும். மீனும் நழுவுகிறது என்கிறார்கள் படகு முதலாளிகள். கொஞ்சம் நழுவும்தான். ஆனால் ஆமைப் பாதுகாப்பு போதாது என்று 2019 முதல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதில்லையே, அந்த நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

எங்கள் ஆதங்கம் இதற்கும் அப்பால். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை ஏற்கெனவே இருக்கிறது. ஆமை கரையேறும் காலமோ பெரும்பாலும் அதற்கு முந்தைய மாதங்கள். அப்போதும் படகுகளை நிறுத்தினால் கூலி இல்லாத நாட்கள் கூடும். யாருக்கு? மீன் கூடை சுமப்பவர், ஐஸ் உடைப்பவர், இறால் உரிக்கும் பெண்கள், கருவாடு காயப்போடுபவர். இவர்களில் தலித்துகள் நிறையப் பேர். அரசுக் காகிதத்தில் இவர்கள் 'மீனவர்' இல்லை. தடைக்கால நிவாரணப் பட்டியலிலும் இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இதைப் பார்த்தோம். படகும் வலையும் இழந்தவரே பாதிக்கப்பட்டவர் என்றார்கள். அந்தப் படகுகளை நம்பிக் கூலிக்குப் போன தலித் குடும்பங்கள் பல இடங்களில் விடுபட்டன.

ஆமைக்காகப் படகை நிறுத்துங்கள், நாங்கள் ஆதரிக்கிறோம். அந்த அரசாணையிலேயே கரைத் தொழிலாளருக்கும் நிவாரணம் என்று எழுதுங்கள். பட்டியலைச் சங்கத் தலைவர்களிடம் கேட்காமல், விடியற்காலையில் இறங்குதளத்துக்கு வந்து நேரில் எடுங்கள். அடுத்த கலந்தாய்வுக் கூட்டத்தில் இறால் உரிக்கும் பெண்களுக்கும் நாற்காலி போடுங்கள்.