அலமாரியில் தூங்கும் அரசு லேப்டாப்



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ படித்தபோது பள்ளியில் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறதாம். ‘விண்டோஸ் 10-ஐ நிறுத்திட்டாங்களாமே, இனிமே இது காயலான் கடைக்குத்தானா? புதுசு வாங்கப் பணத்துக்கு எங்கே போறது?’ என்று கேட்கிறார்.

காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள், சகோதரி. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது உண்மைதான். பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 சிப் கேட்கிறது; இன்டெல் ப்ராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் லேப்டாப் அதில் தேறாமல் போகலாம். அதற்காக அது கெட்டுப்போய்விடவில்லை. எஞ்சின் மக்கர் பண்ணினால் போட்டையா உடைத்துப் போடுகிறோம்?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று உங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அப்போது வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், அந்த அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. நம் பிள்ளைகளில் பலர் பாஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இடத்தை அடைக்கிறதென்று அழித்துவிட்டு, கடையில் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பெட்டியைக் கொடுத்தோமே தவிர, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வைத்தோமா? கேரளம் வைத்தது. அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் பாடத்தையே லினக்ஸில்தான் படிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும்தான் போன் இருக்கிறதே என்பீர்கள். உங்கள் பக்கத்துக் காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் போனில் திறந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான பக்கம். அட்டவணையைப் பெரிதாக்கினால் தலைப்பு ஓடிவிடும், தலைப்பைப் பிடித்தால் எண் ஓடிவிடும். முகத்துவாரம், மீன்பிடிப்பு பற்றியெல்லாம் பேசும் காகிதத்தை ஏரிக்கரையில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்க ஒரு பெரிய திரை வேண்டும். மகளிர் குழுக் கணக்கு, டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இனி காரியத்துக்கு வருவோம். புதியவர்களுக்கு ‘லினக்ஸ் மின்ட்’ நல்லது. அதிலும் ‘எக்ஸ்எஃப்சிஇ’ என்ற இலகுவான வகை. 2 ஜிபி ராம் இருந்தால் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. இறக்க வேண்டிய கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜ் என்றால் இரண்டு நாள் டேட்டா காலி. பொன்னேரிப் பக்கம் பிராட்பேண்ட் உள்ள சொந்தக்காரர் வீட்டில் இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி வாங்கிவாருங்கள். காப்பி-பேஸ்ட் பண்ணினால் வராது, ‘ரூஃபஸ்’ மாதிரி ஒரு மென்பொருளால் எழுத வேண்டும். உப்புக்காற்றில் யு.எஸ்.பி. துளைகள் துருவேறியிருக்கும், ஒன்று எடுக்காவிட்டால் அடுத்ததில் செருகுங்கள்.

பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது லினக்ஸில் எனக்கு மிகப் பிடித்த சங்கதி. ஹார்டுடிஸ்கில் எதையும் தொடாமல் வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். நிறுவுவதென்று முடிவானால், மறக்காமல் முதலில் போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறிடத்தில் எடுத்துவையுங்கள்.

சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப், டேலி நேரடியாக ஓடாது. சில பிரின்டர்கள் அடம்பிடிக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய மனுக்கள் கந்தரகோலமாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை நிறுவினால் சரியாகிவிடும். தமிழ்99 விசைப்பலகையைக் காசில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மெனுச் சொற்கள் சில கரடுமுரடுதான், பழகிவிடும். போன் ஹாட்ஸ்பாட்டில் விண்ணப்பம் நிரப்பும்போது கேட்காமல் புதுப்பிப்பு இறங்கி டேட்டாவைக் குடிக்கும் தொல்லை மின்டில் இல்லை. நீங்களாகச் சொன்னால்தான் இறங்கும். அதற்காகச் சொல்லாமலே இருந்துவிடாதீர்கள்.

கணியம் இணைய இதழில் தமிழிலேயே லினக்ஸ் கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. மகனைப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாறிய வாசகர்கள், எந்த லேப்டாப், எந்தப் பிரின்டர், எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்