ஒன்பதாம் நாளின் அடுப்பு

யூதர்களின் ஆண்டில் மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர், திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாள். முந்தைய மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன் தொடங்கி, மறுநாள் இருட்டும்வரை ஏறத்தாழ 25 மணி நேரம் உணவு இல்லை, ஒரு மிடறு தண்ணீரும் இல்லை. குளியல், எண்ணெய்ப் பூச்சு, தோல் செருப்பு, உடலுறவு எல்லாமே விலக்கு. இந்தப் பத்தாம் நாளின் பசியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் பேச விரும்புவது ஒன்பதாம் நாளைப் பற்றி, அன்று எரியும் அடுப்பைப் பற்றி.

ஒன்பதாம் நாள் உண்பதும் கடமைதான். அன்று உண்டு குடிப்பவரை இரண்டு நாளும் நோன்பிருந்தவராகவே கொள்ள வேண்டும் என்கிறது தல்மூதின் யோமா பகுதி. பட்டினிக்கு முன் உடலுக்கு இரங்கச் சொல்லும் இந்தச் சிந்தனையை நான் மதிக்கிறேன். உடலைப் பகையாகப் பார்க்கும் துறவு அல்ல இது. நோன்புக்கு முந்தைய கடைசி உணவுக்கு செஊதா மஃப்செகெத் என்று பெயர். உண்ணும் நேரத்தை உண்ணா நேரத்திலிருந்து பிரிக்கும் உணவு. எளிதில் செரிப்பதையே அன்று உண்ண வேண்டும் என்கிறது, 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்ஹன் அரூக் என்ற சட்டநூல். ஆகவே உப்பும் காரமும் குறைத்த கோழி சூப், வேகவைத்த கோழி, சோறு அல்லது உருளைக்கிழங்கு, ஹல்லா ரொட்டி. கிழக்கு ஐரோப்பிய வழிவந்த வீடுகளில் சூப்பில் கிரெப்லாக் மிதக்கும். இறைச்சிப் பூரணம் வைத்து மடித்த மாவுக் கொழுக்கட்டை அது. சாப்பிடுகிறவருக்கு நாளை தாகம் எடுக்கக் கூடாது, வயிறு கனக்கக் கூடாது. அத்தனை கரிசனம்.

யார் மீது கரிசனம்? கிரெப்லாக் தானாக மடிந்துகொள்வதில்லை. மாவு பிசைய வேண்டும், மெல்லிசாகத் தேய்க்க வேண்டும், சதுரம் சதுரமாக வெட்டிப் பூரணம் வைத்து ஒவ்வொன்றின் ஓரத்தையும் அழுத்தி ஒட்ட வேண்டும். மரபைக் கறாராகப் பின்பற்றும் குடும்பங்களில் ஆண்கள் அன்று மிக்வே நீரில் மூழ்கி எழுவார்கள்; பாவ அறிக்கையோடு கூடிய பிற்பகல் தொழுகையை முடித்துத் திரும்புவார்கள். திரும்பும்போது சூப் சூடாக இருக்க வேண்டும். சூரியன் யாருக்காகவும் காத்திருக்காது. பரிமாறி, பிள்ளைகளுக்கு ஊட்டி, பாத்திரங்களை ஒழித்துப் போடுகிறவள் எப்போது உட்கார்ந்து சாப்பிடுகிறாள்? மெழுகுத்திரி ஏற்றுவது அவள் பொறுப்பு. ஏற்றியதுமே அவளுக்கு நோன்பு தொடங்கிவிடுகிறது என்பது பரவலான வழக்கம். கடைசியாக உட்கார்ந்தவள் முதலில் பட்டினி தொடங்குகிறாள்.

குறிப்பிட்ட நேரத்தில் செய்தாக வேண்டிய கடமைகள் பலவற்றிலிருந்து பெண்ணுக்கு விலக்களித்தது யூத மதச் சட்டம். வீட்டுப் பொறுப்புகள் அவளுக்கு இருப்பதால்தான் இந்த விலக்கு என்று பின்னாளில் பலர் விளக்கமும் சொன்னார்கள். மரபான தொழுகைக் கூடத்தில் கூட்டுத் தொழுகைக்கான பத்துப் பேரில் அவள் எண்ணப்படுவதில்லை. ஆனால் யோம் கிப்பூரின் உடல் வருத்தத்தில் மட்டும் ஆணுக்கு நிகராக அவளும் கட்டுப்பட்டவள். எண்ணிக்கையில் இல்லாதவள் பசியில் மட்டும் சமம்!

பெண்தான் சமைக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். மனைவி செய்ய வேண்டிய வேலைகளில் சமையலையும் மிஷ்னாவே எண்ணுகிறது; அதற்கு ஆகும் நேரத்தைப் பற்றி எழுதவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. நோன்பன்று பெரிய பேரீச்சம்பழ அளவு உண்டால் குற்றம், ஒரு கன்னம் நிறையக் குடித்தால் குற்றம் என்று மிஷ்னா அளந்து சொல்கிறது. பழத்தை அதன் கொட்டையோடு சேர்த்து அளக்கத் தெரிந்த சட்டத்துக்கு, அடுப்படியில் நிற்கும் மணிநேரத்தை அளக்கத் தெரியவில்லை. எழுதாமல் விட்ட இடத்தில்தான் ஆணாதிக்கம் வசதியாகக் குடியிருக்கிறது.

இந்த விமர்சனம் வெளியாள் ஒருத்தியின் குறும்பு அல்ல. யூதப் பெண்களே சண்டை போட்டிருக்கிறார்கள். குழந்தைகளோடும் அடிமைகளோடும் பெண்ணைச் சேர்த்து ஓரத்தில் வைத்த சட்டத்தைப் பற்றி 1971இல் ரேச்சல் அட்லர் எழுதினார். மறு ஆண்டே எஸ்ரத் நாஷிம் என்ற பெண்கள் குழு, கன்சர்வேடிவ் பிரிவின் ரபிகள் முன் போய்ச் சம உரிமை கேட்டது. அதே 1972இல் அமெரிக்காவின் சீர்திருத்தப் பிரிவில் சாலி பிரீசாண்ட் ரபி ஆனார். மேடை கிடைத்தது. அடுப்பு கைமாறியதா?

அன்பினால் சமைக்கிறாள், அதுவும் வழிபாடுதானே என்பது அடுத்த பதில். வழிபாடு என்றால் அதில் பங்கு கேட்டு ஆண்கள் ஏன் வரிசையில் நிற்கவில்லை? இதைப் படிக்கும் நமக்கு நம் வீட்டு விரத நாட்கள் ஞாபகம் வரும். வரட்டும். ஆனால் எங்கேயும் இப்படித்தான் என்று பெருமூச்சு விட்டு நகர்ந்தால், இந்தக் குறிப்பிட்ட சட்டமும் இந்தக் குறிப்பிட்ட மேசையும் தப்பித்துவிடும். பொதுவான பெருமூச்சு யாருடைய கையிலும் கரண்டியைக் கொடுப்பதில்லை.

மாற்றத்துக்கான வழி அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. நோன்பின்போது நோயாளி தனக்கு உணவு வேண்டும் என்றால், வேண்டாம் என்று மருத்துவர் சொன்னாலும் நோயாளியின் சொல்லையே கேட்க வேண்டும் என்கிறது தல்மூத். உணவின் வாசனையில் தவித்துப்போகும் கர்ப்பிணிக்கு, அவள் தேறும்வரை ஊட்டச் சொல்கிறது மிஷ்னா. உடல் சொல்வதை நம்பிய சட்டம் இது. களைத்துப்போன சமையல்காரியின் உடல் சொல்வதையும் அது நம்பட்டும்.

ஒன்பதாம் நாள் உண்பது நோன்புக்குச் சமம் என்றால், அந்த உணவைச் சமைப்பதும் கடமைதான், ஆணுக்கும் பெண்ணுக்கும். மிக்வேக்குப் போகிறவர்கள் போகும் முன் மாவைத் தேய்த்துவிட்டுப் போகட்டும். மறுநாள் இரவு நோன்பு முடிக்கும் உணவையும் அவர்களே எடுத்து வைக்கட்டும். சூப்பின் முதல் கிண்ணம் அவளுக்கு. அவள் உட்கார்ந்து, அவசரமில்லாமல் குடித்து முடித்த பிறகு, மெழுகுத்திரியை ஏற்றட்டும்.