மணமகன் வீட்டு அலமாரி

கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நிக்காஹ் பேச்சில் தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: பெண் வீட்டார் பீரோ தருவார்களா? மஹர் கொடுக்கக் கடமைப்பட்ட நாமே கையேந்தி நிற்கிறோம். மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தந்தையும் அதற்காக வட்டிக்கு வாங்குகிறார்.

அந்தப் பீரோ நிற்கப்போகும் அறையிலேயே பெரும்பாலும் கடப்பாக்கல் பதித்த சுவர் அலமாரி இருக்கிறது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே வீணாகும் உயரத்தில் 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைப் பொருத்தினால், துணி அடுக்க இன்னொரு தட்டு கிடைத்துவிடும். மூன்றடிக்கு மேல் நீளமென்றால் நடுவில் தாங்கல் வேண்டும். இல்லையேல் பலகை தொய்ந்துவிடும். கீழே இழுப்பறை அமைப்போர், சேனலுக்காக இருபுறமும் அரை அங்குலம் விட்டே பெட்டியை அளக்க வேண்டும். நாம் அதை மறந்து, செய்த பெட்டியைப் பிரித்து மீண்டும் அறுத்தோம்.

நபி ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. ரம்பம் பிடிக்கக் கூசும் நம் பட்டதாரி மாப்பிள்ளைகள் இரண்டு விடுமுறை நாட்களை இதற்கு ஒதுக்கட்டும். பிறகு, "அலமாரி ஆயத்தமாகிவிட்டது, பீரோ வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் தாயாரே பெண் வீட்டுக்குச் சென்று சொல்லட்டும்.